துணிப் பொம்மைக்கு ஒன்பது சோதனை: 2008 அமெரிக்கச் சட்டமும் சிறு தயாரிப்பாளர்களும்

வீட்டு மேசையில் வைத்துத் தைத்த ஒரு துணிப் பொம்மையை எடுத்துக்கொள்வோம். முழங்கை நீளம்தான் இருக்கும். உடம்புக்குப் பருத்தித் துணி, உள்ளே பஞ்சு, தலைமுடிக்குப் பழுப்புக் கம்பளி நூல். கண்ணுக்குக் கறுப்பு நூல், உதட்டுக்குச் சிவப்பு நூல். பூப்போட்ட பாவாடை, அதன் ஓரத்தில் லேஸ். சட்டையை மூட ஒரு பிரஸ் பட்டன், செருப்புக்கு அழகாக இரண்டு மரப் பொத்தான். எண்ணிப் பார்த்தால் ஒன்பது வகைப் பொருள்.

2008-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், இந்த ஒன்பதையும் தனித்தனியாக வெளி ஆய்வகத்தில் சோதித்துச் சான்று வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. பெரிய ஆலைக்கும் அதே விதி, சமையலறை மேசையில் தைக்கும் அம்மாவுக்கும் அதே விதி. அந்தச் சட்டம் ஏன் வந்தது, யாரை எப்படி அழுத்தியது, மூன்று ஆண்டுகளில் அதை எப்படிச் சரிசெய்தார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பொம்மை தைப்பவர்கள், மரச் சாமான் கடைபவர்கள், குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து விற்பவர்கள் நம் ஊரிலும் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

சட்டம் வந்த காரணம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டம் வீண் பயத்தில் பிறந்ததல்ல. 2006 பிப்ரவரியில் மின்னசோட்டா மாநிலத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். ஷூ வாங்கியவர்களுக்கு ரீபாக் நிறுவனம் இலவசமாகக் கொடுத்த கைச்சங்கிலியில் இதய வடிவில் ஒரு சின்னப் பதக்கம் தொங்கியது. அதைத்தான் அவன் விழுங்கியிருந்தான். சோதித்தபோது அந்தப் பதக்கத்தில் 99 சதவீதம் காரீயம். வாந்தி என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே ஒரு உலோகத் துண்டு இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் இதற்குப் பிறகு வரும் எல்லாக் கணக்கையும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மறு ஆண்டு, 2007, திரும்பப் பெறுதல்களின் ஆண்டாகவே ஆகிவிட்டது. ஜூனில் ஆர்.சி.2 நிறுவனம் தாமஸ் மர ரயில் வண்டிகள் சுமார் 15 லட்சத்தைத் திரும்பக் கேட்டது. ஆகஸ்டில் மேட்டல் நிறுவனம் தன் ஃபிஷர் பிரைஸ் பொம்மைகளில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையைத் திரும்பக் கேட்டது. இரண்டிலும் காரணம் சாயத்தில் காரீயம். இரண்டும் சீனாவில் ஒப்பந்த ஆலைகளில் செய்யப்பட்டவை.

காரீயம் என்றதும் வீட்டு ஈயச் சொம்பு நினைவுக்கு வந்தால் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். காரீயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. வயிற்றுக்குள் போகும் அளவு ஒன்றாகவே இருந்தாலும், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போதாக்குறைக்கு அதன் சுவை லேசாக இனிக்கும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் இதைவிட ஆபத்தான சேர்க்கை வேண்டுமா?

மக்களின் கோபம் நியாயமானது. நாடாளுமன்றமும் வேகமாக நகர்ந்தது. கீழவையில் 424-க்கு 1, மேலவையில் 89-க்கு 3 என்ற வாக்கில் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 2008 ஆகஸ்ட் 14 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். குழந்தைப் பொருள் எதிலும் காரீயம் பத்து லட்சத்தில் 600 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது; ஓராண்டில் அது 300, மூன்றாண்டில் 100. மேல்பூச்சுச் சாயத்தில் 90-க்கு மேல் கூடாது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வகைகள் சிலவற்றுக்கும் வரம்பு வந்தது. மீறினால் அபராதம் ஒரு மீறலுக்கு 1 லட்சம் டாலர் வரை, தொடர் மீறல்களுக்கு 1.5 கோடி டாலர் வரை போகலாம்.

சிக்கல் வரம்புகளில் இல்லை. எந்தப் பொம்மைக்காரரும் காரீயம் கலந்து விற்க உரிமை கேட்கவில்லை. 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று செய்யும் எந்தப் பொருளும், எந்த மூலப்பொருளால் ஆனாலும், எத்தனை செய்தாலும், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்ற வெளி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதியில்தான் சிக்கல்.

கணக்கு

பொம்மைக்குத் திரும்புவோம். ஒரு கூறுக்குக் காரீயச் சோதனை 75 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒன்பது கூறுக்கு 675 டாலர். இந்தப் பொம்மையை ஒருவர் ஒரு மாதத்தில் 20 தைத்து, ஒன்று 30 டாலருக்கு விற்கிறார் என்றால் மொத்த வரவு 600. துணி, நூல், கூலி எதையும் கழிக்கும் முன்பே சோதனைச் செலவு வரவைத் தாண்டிவிடுகிறது. இதே பொம்மையை ஓர் ஆலை 1 லட்சம் அடித்தால் அதே 675 டாலர் பொம்மைக்கு ஒரு சென்ட்கூட வராது.

சோதனைக் கட்டணம் வடிவமைப்புக்கு ஒரு முறை விழுகிறது. ஆபத்தோ எத்தனை பொம்மை வெளியே போகிறதோ அத்தனை பிள்ளைகளைத் தொடுகிறது. சட்டம் எழுதியவர்கள் மனதில் ஆலை இருந்தது. ஆலையில் ஒரே வடிவமைப்பில் லட்சக்கணக்கில் வெளியே போவதால், அந்த ஒரு முறைக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. கைத்தொழில்காரருக்கு அப்படி இல்லை. அவருடைய பிழைப்பே ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் செய்வதில் இருக்கிறது. இந்த வாரம் பாவாடைக்கு நீலப் பூ, அடுத்த வாரம் கடையில் கிடைத்த துண்டுத் துணியில் மஞ்சள் கட்டம். துணி மாறினால் மறுபடி சோதனை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சோதனையில் பொருள் பிழைக்காது. துண்டை வெட்டி, அமிலத்தில் கரைத்துத்தான் அளப்பார்கள். ஒரே ஒரு மரக்குதிரை செதுக்கி விற்பவர் அதைச் சோதனைக்குக் கொடுத்தால், கையில் சான்று இருக்கும், விற்கக் குதிரை இருக்காது.

2009 பிப்ரவரி 10

முதல் வரம்பு நடைமுறைக்கு வரும் நாள் இது. கைவினைக்காரர்கள் இதற்குத் ‘தேசிய திவால் நாள்’ என்று பெயர் வைத்தார்கள். 2008 கிறிஸ்துமஸ் விற்பனை நடந்துகொண்டிருக்கும்போதே பயம் பரவியது. சிறு தயாரிப்பாளர்களும் சிறு கடைக்காரர்களும் சேர்ந்து ஹேண்ட்மேட் டாய் அலையன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஜெர்மனியின் மரப்பொம்மை நிறுவனமான செலெக்டா, அந்த ஆண்டு முடிவோடு அமெரிக்கச் சந்தையை விட்டே விலகியது. ஐரோப்பாவின் கறாரான விதிகளுக்கு ஏற்பச் செய்து வந்தவர்களுக்கே இந்த நிலை.

பழைய சரக்குக்கும் விதி பொருந்தும் என்பதுதான் பலரை நிலைகுலைய வைத்தது. நேற்றுவரை சட்டப்படி சரியாக இருந்த, அலமாரியில் அடுக்கியிருந்த பொருள், பிப்ரவரி 10 காலையில் வரம்பைத் தாண்டினால் விற்கத் தகாதது. தாலேட் விஷயத்தில் ஆணையம் பழைய சரக்குக்கு விலக்கு உண்டு என்று சொல்லியிருந்தது. பிப்ரவரி 5 அன்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று அந்த விளக்கத்தைத் தள்ளிவிட்டது. ஐந்து நாள் அவகாசத்தில் ஒரு சிறு கடைக்காரர் தன் அலமாரியில் உள்ள ஒவ்வொரு பிளாஸ்டிக் பொம்மையையும் எப்படி அளந்து பார்ப்பார்?

விளைவுகள் யாரும் எண்ணாத இடங்களில் போய் நின்றன. பழைய துணி விற்கும் தொண்டு நிறுவனக் கடைகள் குழந்தை உடுப்புகளை ஓரங்கட்டின, ஜிப்பிலும் பட்டனிலும் என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது என்பதால். ஏழைக் குடும்பங்கள் குளிருக்குக் கோட்டு வாங்குவது அங்கேதான். 1985-க்கு முன் அச்சான குழந்தைப் புத்தகங்களின் மையில் காரீயம் இருக்கலாம் என்ற பேச்சு வந்ததும் நூலகங்கள் கலங்கின. சிறுவர்கள் ஓட்டும் சின்ன மோட்டார் வண்டிகளில் பித்தளை வால்வும் பேட்டரியும் இருப்பதால் அவையும் மாட்டிக்கொண்டன. வண்டியின் டயர் வால்வை எந்தப் பிள்ளை சப்பும் என்று வியாபாரிகள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் சட்டத்தின் வாசகம் ஆபத்தின் அளவைப் பார்த்து விலக்குக் கொடுக்க ஆணையத்துக்கு ஏறக்குறைய இடமே வைக்கவில்லை.

கெடுவுக்கு 11 நாள் முன்பு, ஜனவரி 30 அன்று, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பெரும்பாலான சோதனை, சான்று விதிகளை ஓராண்டு நிறுத்தி வைத்தது. மேல்பூச்சுச் சாயம், தொட்டில், சூப்பான், சிறு பாகங்கள், உலோக நகை ஆகியவற்றுக்கு நிறுத்தம் இல்லை. மற்றவற்றுக்கும் வரம்பு அப்படியே இருந்தது. சான்றுத்தாள் மட்டும் தேவையில்லை. மாநில அரசு வழக்கறிஞர்கள் தனியாக நடவடிக்கை எடுக்கவும் சட்டம் இடம் கொடுத்திருந்தது. அதனால் நிறுத்தம் வந்தபின்னும் தைப்பவர்களுக்கு நிம்மதி வரவில்லை. சட்டத்தை மீறுகிறோமா இல்லையா என்று தெரியாமலே அவர்கள் கடை நடத்தினார்கள்.

இதே 2009-ல் ஆணையம் மேட்டலின் சொந்த ஆய்வகங்கள் சிலவற்றை, உற்பத்திப் பிரிவின் அழுத்தம் எட்டாதபடி தடுப்பு ஏற்பாடு உண்டு என்ற அடிப்படையில், சான்று தரத் தகுதியானவை என்று ஏற்றது. சட்டம் அதற்கு வழி வைத்திருந்தது. முறைகேடு எதுவும் இல்லை. ஆனாலும் 2007-ல் நாட்டையே கலக்கிய பொம்மைகளைச் செய்தவர் தன் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம், காரீயமே தொடாத பருத்தி நூலில் தைப்பவர் வெளியே பணம் கட்ட வேண்டும் என்றால் வலிக்கத்தான் செய்யும்.

சரிசெய்த விதம்

2009 ஆகஸ்டில் வந்த ஒரு முடிவு, என் பார்வையில், இந்தக் கதையிலேயே அறிவார்ந்த அடி. சில பொருள்களில் இயல்பாகவே காரீயம் வரம்பைத் தாண்டாது என்று ஆணையம் பட்டியல் போட்டது: பூச்சில்லாத மரம், காகிதம், பருத்தி, கம்பளி உள்ளிட்ட இழைகள், அறுவைசிகிச்சைத் தர எஃகு, இன்னும் சில. இவற்றுக்குக் காரீயச் சோதனை வேண்டாம்.

இப்போது நம் பொம்மையை மறுபடி மேசையில் வையுங்கள். உடம்புத் துணி போயிற்று. பஞ்சு, கம்பளி நூல், கறுப்பு நூல், சிவப்பு நூல், பாவாடை, லேஸ் எல்லாம் போயிற்று. மரப் பொத்தானில் சாயம் இல்லையென்றால் அதுவும் போயிற்று. மிஞ்சுவது பிரஸ் பட்டன் ஒன்று. மின்னசோட்டாச் சிறுவனைக் கொன்றது உலோகம், 2007-ஐ உலுக்கியது சாயம். ஒன்பது சோதனை கேட்ட சட்டம், தேட வேண்டிய இடத்துக்குச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது.

அடுத்த அடி கூறுச் சோதனை. 2011 நவம்பரில் இறுதியான விதிப்படி, பட்டனைச் செய்பவரோ விற்பவரோ ஒரு முறை சோதித்துச் சான்று வைத்திருந்தால், அதை வாங்கித் தைப்பவர் அந்தச் சான்றையே நம்பலாம். பட்டன் ஆலை லட்சக்கணக்கில் செய்கிறது. அங்கே சோதனைச் செலவு கரைந்துபோகும். நச்சு எங்கே நுழைகிறதோ அங்கேயே பிடிக்கும் வழி இது.

மூன்றாவதாக, அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட திருத்தச் சட்டம். கீழவையில் 421-க்கு 2. அன்று அது வைத்த வரம்புப்படி, ஆண்டு வரவு 10 லட்சம் டாலருக்குள், ஒரே பொருளில் 7,500 எண்ணத்துக்குள் செய்பவர் ‘சிறு தொகுதித் தயாரிப்பாளர்’ என்று ஆணையத்தில் பதிந்துகொள்ளலாம். பதிந்தால் வெளி ஆய்வகச் சோதனை பலவற்றிலிருந்து விலக்கு. அதே திருத்தம் சாதாரணப் புத்தகங்களையும் பழைய பொருள் விற்பனையில் பெரும்பகுதியையும் சிறுவர் வண்டிகளையும் விடுவித்தது. 100 பங்கு வரம்பை இனிச் செய்யும் சரக்குக்கு மட்டும் என்று ஆக்கியது.

இந்த விலக்கின் அமைப்பைக் கவனியுங்கள். வரம்பில் விலக்கு இல்லை. பொருளில் காரீயம் மிகுந்தால் பதிவு செய்த சிறு தயாரிப்பாளரும் குற்றவாளிதான். எப்படி உறுதிசெய்வது என்பதில் மட்டும்தான் தளர்வு. சில பண்டங்களுக்கு அந்தத் தளர்வும் கிடையாது: சாயப் பூச்சு, உலோக நகை, சூப்பான், தொட்டில், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொருளில் கழன்று வரும் சிறு பாகங்கள். சிறு பாகச் சோதனைக்கு ஆய்வகம் பயன்படுத்தும் கருவி ஒரு சின்னக் குழல்தான். விட்டம் ஒன்றேகால் அங்குலம், அடிப்பக்கம் சரிவு. குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு அது. எந்தத் துண்டும் அழுத்தாமல் அதற்குள் முழுதாக அடங்கினால் அந்தப் பொம்மை மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கூடாது. நம் பொம்மையின் செருப்புப் பொத்தான் கழன்றால் அதற்குள் விழும். காரீயக் கணக்கில் தப்பிய மரப் பொத்தான் இங்கே மாட்டுகிறது, மாட்டவும் வேண்டும்.

சிறியவர் என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது என்பதற்கு இன்னொரு சான்று, குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் தூளித் துணி. அமெரிக்காவில் வீட்டில் தைத்து விற்கும் பெண்கள் நிறைய. 2010 மார்ச்சில் ஆணையம், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அதனோடு தொடர்புடைய 14 இறப்புகளைச் சொல்லி எச்சரித்தது. அவற்றில் 12, நான்கு மாதத்துக்கும் குறைந்த சிசுக்கள். துணியில் நச்சு எதுவும் இல்லை. துணி வளையும் விதத்தில் குழந்தையின் தாடை நெஞ்சில் ஒட்டி மூச்சு அடைபட்டது. 2018 ஜனவரி 30 முதல் இதற்குத் தனித் தரம் நடைமுறையில் இருக்கிறது. சிறு தொகுதி விலக்கு இங்கே செல்லாது. தைப்பவர்களுக்குச் செலவு கடுமைதான், சிலர் தொழிலை விட்டார்கள். அவர்கள் இழப்பு எனக்கு வருத்தம் தருகிறது. ஆனாலும் இந்த விதி சரி என்றே நினைக்கிறேன்.

நம் பக்கம்

இந்தியாவில் இதே கேள்வி 2020-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இந்தியத் தரக் குழுமம் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் சுமார் 67 சதவீதம் தேறவில்லை. 2020 பிப்ரவரியில் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60-ஆக உயர்ந்தது. அதே மாதம் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை வெளியானது. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உள்நாட்டில் செய்தாலும் அதே விதி, துணிப் பொம்மைக்கும் அதே விதி. சொந்தச் சோதனை வசதி வைக்கும் நிபந்தனையில் குறுந்தொழில்களுக்கு அப்புறம் அவகாசம் கொடுத்தார்கள்.

ஆணை நடைமுறைக்கு வரும் முன்பே, 2020 டிசம்பரில், ஒரு விலக்கு வந்தது. மத்தியக் கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இந்த ஆணை பொருந்தாது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும், வெட்பாலை மரத்தில் அரக்குச் சாயம் ஏற்றிக் கடையும் கர்நாடகத்தின் சென்னபட்டணம் பொம்மையும் இப்படித்தான் தப்பின. அமெரிக்கா மூன்று ஆண்டு தடுமாறிக் கண்டதை நாம் முன்பே செய்துவிட்டோம் என்று சொல்லத் தோன்றும். எனக்கு இரண்டு குறை படுகிறது.

ஒன்று, நம் விலக்கு தொழிலின் அளவைப் பார்க்கவில்லை, பதிவைப் பார்க்கிறது. திருப்பூர் பனியன் கட்பீஸில் யானைப் பொம்மை தைத்து மாதம் ஐம்பது விற்கும் பெண்ணிடம் கைவினைஞர் அட்டை இருந்தால் விலக்கு. இல்லையென்றால் பெரிய ஆலை வாங்கும் அதே உரிமம். முத்திரை இல்லாமல் விற்றுப் பிடிபட்டால் முதல் குற்றத்துக்கே அபராதம் குறைந்தது 2 லட்சம் ரூபாய். அவருடைய பல ஆண்டு வரவு அது. சுயஉதவிக் குழுவில் பொம்மை தைக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள், தையலோடு சேர்த்து அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடக் கனமானது. அமெரிக்காவில் சோதனையில் மட்டும் தளர்வு, வரம்பு நிற்கிறது. இங்கே விலக்குப் பெற்றவருக்கு ஆணையே பொருந்தாது. அரக்கில் இயற்கைச் சாயம் ஏற்றுபவரிடம் எனக்குப் பயமில்லை. மரச் செப்புக்குப் பளபளப்பு வேண்டும் என்று கடையில் கிடைக்கும் எனாமல் பெயிண்டை அடிக்கிறவரிடம் பயம் உண்டு. அவர் கெட்டவர் இல்லை. டப்பாவில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த டப்பாவுக்கென்று இந்தியாவில் ஏற்கெனவே ஒரு விதி இருக்கிறது. 2016-ல் அறிவித்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதிப்படி, வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, அதாவது 90 பிபிஎம்முக்கு, மேல் இருக்கக் கூடாது. அதை டப்பாவிலேயே அச்சிட வேண்டும். தொழிற்சாலை உபயோகப் பெயிண்டுக்கு இந்த விதி இல்லை. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கலாம், விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். அடுத்த முறை செப்புச் சாமானுக்கு மஞ்சளும் சிவப்பும் வாங்கப் போகும்போது டப்பாவைத் திருப்பி, 90 பிபிஎம் என்ற அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் வேறு டப்பா கேளுங்கள்.